வாள் பிறந்த வரலாறு

  

மும்மணிகளை வணங்கி இப்பௌர்ணமிப் பிரசங்கத்தைத் தொடங்குகின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. சந்தையிலும் இரயிலிலும் தொழுமிடத்திலும் குண்டு வைத்து, பெயரும் முகமும் அறியாத மக்களைக் கொல்லும் கொடுமையைப் பயங்கரவாதம் என்கின்றோம். அஃது எங்கே பிறக்கின்றது? அதனை வேரறுப்போம் என்று முழங்கும் அரசுகளின் சொல்லும் செயலும் ஒத்திருக்கின்றனவா? இவ்விரு வினாக்களுக்கும் நம் திரிபிடகத்தில் விடை உண்டா? இவற்றையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

தம்மம் பேசுவோர்க்கு அரசியல் எதற்கு என்று கேட்போர் நம்மிடையேயும் உளர். பிம்பிசாரனும் பசேனதியும் பகவரிடம் வந்து அமர்ந்தபோது, அவர்களை அரசர் அல்லாதவராக எண்ணிப் பகவர் பேசவில்லை. நாடு எவ்வாறு கெடுகின்றது, எவ்வாறு தழைக்கின்றது என்பதற்கென்றே நீண்ட சூத்திரங்கள் உள்ளன. நம் பாபாசாகேப் அம்பேத்கர் 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, அரசியலில் சமத்துவம், சமுதாயத்திலும் பொருளிலும் ஏற்றத்தாழ்வு என்னும் முரண்பாட்டோடு நாம் வாழப் போகின்றோம். அதனை விரைவில் நீக்காவிட்டால், துன்புறுவோர் நாம் உழைத்துக் கட்டிய இம்மாளிகையையே தகர்த்துவிடுவர் என்ற கருத்துப்பட எச்சரித்தார். அந்த அம்பேத்கரே 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணம் ஏற்றார். அவ்வெச்சரிக்கையையும் இச்சரணத்தையும் பிரித்துப் பார்ப்பவர் பாபாசாகேபையும் அறியார், பகவரையும் அறியார்.

அரசன் செய்யத் தவறிய ஒன்று

தீக நிகாயத்தின் 26ஆவது சூத்திரம் சக்கவத்தி சீகநாத சூத்திரம் எனப்படும். மகத நாட்டு மாதுலா என்னுமிடத்தில் பகவர் அதனை உரைத்தார். தலைமுறை தலைமுறையாக அறநெறி தவறாது ஆண்ட அரசர் மரபில் ஒருவன் வருகின்றான். முன்னோர் காத்த அரச தருமம் யாது என்று பெரியோரைக் கேளாமல் முதலில் தன் போக்கில் ஆள்கின்றான். பின்னர் அமைச்சர் எடுத்துக் கூறக் கேட்டு, குடிகளுக்குக் காவல் அளிக்கின்றான். ஆனால் ஒன்றை மட்டும் செய்யாது விடுகின்றான். பொருளற்றவர்க்குப் பொருள் அளிக்கவில்லை.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுங்கள். அவ்வரசன் கொடுங்கோலன் அல்லன். குடிகளைக் கொள்ளையடித்தவன் அல்லன். காவல் இருந்தது, சட்டம் இருந்தது. வறியோர்க்கு வாழ்வு இல்லை, அவ்வளவே. அந்த ஒரு குறையிலிருந்து வறுமை பரவிற்று. வறுமையிலிருந்து களவு பிறந்தது.

முதலில் பிடிபட்ட கள்வனை அரசன் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். பிழைக்க வழியில்லாமையால் திருடினேன் என்று அவன் ஒப்புக்கொள்கின்றான். அரசன் மனமிரங்கிப் பொருள் கொடுத்து, பெற்றோரையும் மனைவி மக்களையும் காப்பாற்று, தொழில் செய் என்று அனுப்புகின்றான். நல்ல செயல்தானே என்று தோன்றும். ஆயினும் அவன் யாருக்குக் கொடுத்தான் என்று பாருங்கள். திருடியவனுக்குக் கொடுத்தான். திருடாமல் பட்டினி கிடந்தவனுக்குக் கொடுக்கவில்லை. திருடினால் அரசன் கொடுப்பான் என்ற பாடத்தை நாடு கற்றுக்கொண்டது. களவு பெருகிற்று.

பிறகு அரசனுக்கு அச்சம் வந்தது. அடுத்து அகப்பட்டவனைக் கயிற்றால் இறுகக் கட்டி, தலையை மழித்து, பறை முழங்கத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று, தென்வாயிலுக்கு வெளியே தலையை வெட்டச் செய்தான். இப்போது நாடு இரண்டாவது பாடத்தைக் கற்றது. நாமும் கூரிய வாள்கள் செய்துகொள்வோம், நாம் யாரிடம் திருடுகின்றோமோ அவர் தலையை நாமும் வெட்டுவோம் என்று மக்கள் எண்ணினர். ஊர்களும் நகரங்களும் வழிப்போக்கரும் தாக்கப்பட்டனர்.

வாள் பிறந்த வரலாறு இதுவே. மக்கள் கையில் அது முளைப்பதற்கு முன் அரசன் கையில் அது வீசப்பட்டது. அரசன் கையில் வீசப்படுவதற்கு முன் ஏழை வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது. அடுத்த தலைமுறையில் பிடிபட்டவன் முதலாமவனைப் போல் உண்மை கூறவில்லை. திருடவில்லை என்று பொய் கூறினான். களவுக்குப் பின் ஆயுதம், ஆயுதத்திற்குப் பின் கொலை, கொலைக்குப் பின் பொய், பொய்க்குப் பின் கோள், காமத் தீயொழுக்கம், பொறாமை, பொய்க்காட்சி என்று சூத்திரம் ஒவ்வொரு படியாக இறங்கிச் செல்கின்றது.

இழை அறும் இடம்

பஞ்சாலையில் வேலை செய்தவர் ஒன்றை அறிவர். நூல் அறுவது ஸ்பின்னிங்கில். கண்ணுக்குத் தெரிவதும் அங்கேதான். மேஸ்திரியின் வசை விழுவதும் அங்கே நின்று இழை பிணைப்பவர் தலைமீதுதான். ஆனால் பல வேளைகளில் குறை கார்டிங்கில் இருக்கும். பஞ்சு சரியாகச் சிக்கெடுக்கப்பட்டிராது. அல்லது அதற்கும் முன்னே, வாங்கிய பஞ்சிலேயே இருக்கும். கார்டிங்கைச் சீர்செய்யாது இழை பிணைப்பவரை மாற்றிக்கொண்டே இருந்தால் நாளெல்லாம் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பகவர் கூறிய ஏதுநிகழ்ச்சி இதுதான். இஃது இருப்பதால் அஃது உண்டாகின்றது. இஃது அழிந்தால் அஃது அழிகின்றது.

இதனை மனத்தில் கொண்டு ஆப்கானிஸ்தானத்தைப் பாருங்கள். பௌத்தராகிய நமக்கு அது அந்நிய நாடன்று. அசோக மன்னன் கிரேக்க மொழியிலும் அரமேய மொழியிலும் பொறித்த அறக்கட்டளை 1958ஆம் ஆண்டில் காந்தகாரில் கண்டெடுக்கப்பட்டது. பாமியான் மலையில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற புத்தர் திருவுருவங்களைச் சீனத்து யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் கண்டு எழுதினார்.

1979ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் படை அந்நாட்டில் புகுந்தது. ஆப்கான் அரசு அழைத்ததனால் நட்புதவியாக வந்தோம் என்று மாஸ்கோ உலகுக்கு அறிவித்தது. ஆனால் டிசம்பர் 27ஆம் நாள் அப்படையினரே அந்நாட்டின் ஆட்சித் தலைவரான ஹஃபிசுல்லா அமீனை அவருடைய மாளிகையிலேயே கொன்றனர். விருந்தாளி வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டு, என்னை அழைத்தார்கள் என்று கூறுவது எத்தகைய நட்பு!

மறுபுறம் அமெரிக்க அரசு பாகிஸ்தான் வழியாக ஆயுதமும் பொருளும் அனுப்பிற்று. போராளிகளின் தலைவர்களை 1983ஆம் ஆண்டில் அதிபர் ரீகன் வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். விடுதலை வீரர் என்று புகழ்ந்தார். 1986ஆம் ஆண்டு முதல் தோளில் வைத்து விமானத்தைச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைகள் அவர்கள் கைக்குச் சென்றன. 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறிற்று. அதன்பின் அந்த ஏவுகணைகளைத் தேடித் தேடி விலை கொடுத்துத் திரும்ப வாங்கும் வேலையை அமெரிக்க உளவுத்துறையே மேற்கொண்டது. ஆயுதம் வைத்திருந்தவனுக்கு முதலில் ஆயுதமும், பின்னர் அதற்கு விலையும் கிடைத்தன. பாகிஸ்தானிலும் ஈரானிலும் கூடாரங்களில் கிடந்த ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட அகதிகளுக்கு, உழுத நிலம் கண்ணிவெடியான உழவனுக்கு, அதே கை அந்த அளவு திறக்கவில்லை. திருடியவனுக்குக் கொடுத்துத் திருடாதவனை மறந்த அரசனின் கதை இதுவன்றோ?

அன்று அமெரிக்கப் பொருளைப் பெற்றவர்களுள் ஜலாலுத்தீன் ஹக்கானி ஒருவர். 2012ஆம் ஆண்டில் அவர் பெயர் தாங்கிய அமைப்பையே அமெரிக்க அரசு பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. எட்டாண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில், அமெரிக்க அரசு தோகா நகரில் தாலிபானோடு ஒப்பந்தம் செய்தது. தான் தாங்கி நிறுத்திய ஆப்கான் அரசை அவ்வொப்பந்தத்தில் சேர்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தது. வீரர் என்பதும் பயங்கரவாதி என்பதும் ஒருவன் செய்யும் செயலுக்கு இடும் பெயராக இருக்க வேண்டும். அரசுகளோ தம் தேவைக்கேற்ப அப்பெயரைச் சூட்டுகின்றன, கழற்றுகின்றன. தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா 1993ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பின்னரும், 2008ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் பயங்கரவாதிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பயங்கரவாதம் எது என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும் ஒரு முழுமையான வரையறையை ஐக்கிய நாடுகள் சபையில் 1996ஆம் ஆண்டு முதல் பேசிவருகின்றனர், உடன்பாடு பிறக்கவில்லை. ஒவ்வோர் அரசும் தன் கையையும் தன் நண்பன் கையையும் அவ்வரையறைக்கு வெளியே வைக்க விரும்பினால் உடன்பாடு எங்கிருந்து பிறக்கும்?

தட்சசீலத்து ஆசிரியன்

அங்குலிமாலன் கதையை நம் குழந்தைகளும் அறிவர். விரல்களை மாலையாக அணிந்து வழிப்போக்கரைக் கொன்றவன். பகவர் அவனைத் தடியும் வாளும் இன்றி அடக்கினார். அவன் ஏன் அவ்வாறு ஆனான் என்பதை உரைநூல் கூறுகின்றது. அவனுடைய இயற்பெயர் அகிம்சகன். தட்சசீலத்தில் கல்வி பயின்ற சிறந்த மாணவன். உடன் பயின்றோர் பொறாமையால் கோள் கூற, ஆசிரியன் அதனை நம்பி அவனைத் தொலைக்க எண்ணினான். குருதட்சிணையாக ஆயிரம் பேரைக் கொன்று விரல்களைக் கொண்டுவா என்று கட்டளையிட்டான். கொன்றவன் மாணவன். கொல்லச் சொல்லிக் கொடுத்தவன் ஆசிரியன். ஆசிரியன் கையில் ஒரு துளி இரத்தமும் படவில்லை.

தட்சசீலம் பழைய காந்தார நாட்டைச் சேர்ந்தது. பெசாவரும் அந்நாட்டுப் பழம்பதியே. அப்பெசாவரில் 1980களில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஆப்கான் குழந்தைகளுக்கென அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் பள்ளிப் புத்தகங்கள் ஆக்கப்பட்டன. எண்ணிக்கை கற்பிக்கத் துப்பாக்கியும் தோட்டாவும் படமாயின. துப்பாக்கிக் குண்டு இத்தனை வேகத்தில் சென்றால், இத்தனை தொலைவில் நிற்கும் உருசியனின் தலையை எத்தனை நொடியில் சென்று தாக்கும் என்பது பிள்ளைக்குக் கொடுத்த கணக்கு. மாம்பழம் எண்ண வேண்டிய விரல்கள் தோட்டாவை எண்ணின.

பின்னர் ஆட்சிக்கு வந்த தாலிபானும் அப்புத்தகங்களைப் பயன்படுத்தினர். உருவம் வரைவது பாவம் என்று அவற்றிலிருந்த மனித முகங்களை மட்டும் அழித்தனர், துப்பாக்கியை அழிக்கவில்லை. 2001க்குப் பின், 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு துப்பாக்கிப் படங்களை நீக்கிப் புதுப் பதிப்பு அனுப்பிற்று. ஏட்டில் நீக்கிவிட்டனர். இருபது ஆண்டுகளுக்கு முன் அவ்வேட்டைப் படித்து வளர்ந்த நெஞ்சில் யார் நீக்குவது? தட்சசீலத்து ஆசிரியனின் கோபம் தன் மாணவன் ஒருவன் மீது. இவர்களோ தாம் முகமும் காணாத ஏழைப் பிள்ளைகளைத் தம் பகைமைக்குக் கருவியாக்கினர்.

காரணம் வேறு, நியாயம் வேறு

இங்கே ஒரு மறுப்பு எழும். அரசுகளைக் குறை கூறுகின்றீர். கொன்றவனை விட்டுவிடுகின்றீரோ என்பர். அவ்வாறன்று. வைத்தியன் நோய்க்குக் காரணம் கூறுவதால் நோயைப் புகழ்ந்தவன் ஆகான். பகவரின் நான்கு வாய்மைகளில் இரண்டாவது துக்கத்தின் காரணம். அதனைக் கூறியதனால் அவர் துக்கத்தை ஆதரித்தார் என்று எவரும் சொல்லார். கொலை செய்தவன் தன் வினைக்குத் தானே உரியவன். அருகனான பின்னரும் அங்குலிமாலன் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் தடியும் பட்டுத் தலை உடைந்து வந்தான். பொறுத்துக்கொள் என்றே பகவர் கூறினார். வினையைத் துடைத்து எறியவில்லை.

வறுமை ஒன்றே காரணம் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திச் சென்று ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்றவர் பத்தொன்பது பேர். அவருள் பதினைவர் சவூதி அரேபியாவைச் சேர்ந்தவர். ஆப்கான் உழவர் ஒருவரும் அவருள் இல்லை. அவர்தம் தலைவன் ஒசாமா பின் லாடன் பெருஞ்செல்வர் மகன். படித்தவனும் செல்வனும் ஏன் கொல்கின்றான்? சூத்திரத்தின் கடைசிப் படிகளில் வரும் பகைமையும் பொய்க்காட்சியும் அவனைச் செலுத்துகின்றன. என் கொள்கையே மெய், மற்றவை பொய் என்னும் பிடிவாதமே சண்டைக்கு வேர் என்று சுத்த நிபாதத்து அட்டக வக்கத்தில் பகவர் மீண்டும் மீண்டும் காட்டுகின்றார். பொய்க்காட்சி தலைவனைத் தருகின்றது. வறுமையும் அவமானமும் அவனுக்குச் சேனையைத் தருகின்றன. அரசுகளின் கபடம் அவன் வாய்க்குச் சொல்லைத் தருகின்றது. இம்மூன்றில் மூன்றாவதை நீக்குவது அரசுகளின் கையில் முழுமையாக உள்ளது. அதனைச் செய்ய ஒரு படைவீரனும் வேண்டா, ஒரு காசும் வேண்டா. உண்மை பேசினால் போதும்.

நம் கண்ணிலுள்ள தூசி

பிறர் அரசைப் பேசிவிட்டு நம் அரசை மறைத்தால் நாமும் அக்கபடத்தில் பங்காளியாவோம். 1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இராஜஸ்தானத்துப் போக்ரானில் நம் சர்க்கார் அணுகுண்டைச் சோதித்தது. அமைதிக்கான அணுவெடிப்பு என்று உலகுக்கு அறிவித்தது. புத்தர் சிரிக்கின்றார் என்பது அதற்கு வழங்கிய பெயர். 1998ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் மீண்டும் சோதித்தபோது, அந்நாள் பகவர் பிறந்து, ஞானம் பெற்று, பரிநிர்வாணம் அடைந்த வைசாகப் பௌர்ணமியாக இருந்தது. நாட்டைக் காக்க ஆயுதம் வேண்டுமா என்று வாதிடுவோர் வாதிடலாம். ஆனால் எவ்வுயிரையும் கொல்லாமையை முதற்சீலமாக வகுத்த பெருமானின் புன்னகையை, நகரங்களை எரிக்கும் கருவிக்குப் பெயராக இட யார் அவர்க்கு உரிமை கொடுத்தனர்?

பௌத்த நாடு என்ற பெயரும் காப்பாற்றாது. மியான்மரில் 2017 ஆகஸ்டு 25ஆம் நாள் ஆயுதக் குழுவினர் சிலர் காவல் நிலையங்களைத் தாக்கினர். அதற்குப் பதிலாக இராணுவம் ஊர்களை எரித்தது. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்காளதேசத்திற்கு ஓடினர். அமைதிக்காக 1991ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஆங் சான் சூ கி 2019 டிசம்பரில் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்தில் நின்று அவ்வரசின் பக்கமே பேசினார். காவி உடுத்தோர் சிலரும் அக்கொடுமைக்குத் துணைபோயினர். இதனை எழுதும்போது நம் கை நடுங்குகின்றது. ஆயினும் எழுதாதிருப்பது தம்மமன்று.

பாமியானுக்காக நாம் அழுததையும் எண்ணிப் பாருங்கள். தாலிபான் தலைவர் முல்லா உமர் 1999ஆம் ஆண்டில் அவ்வுருவங்களைக் காக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 2001 பிப்ரவரியில் அவரே உடைக்கச் சொன்னார். மார்ச்சில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உலகம் கண்ணீர் வடித்தது, நாமும் வடித்தோம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில், அதே பாமியான் மாகாணத்து யகாவ்லங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஹசாரா மக்களை அதே தாலிபான் வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொன்றனர். கொல்லப்பட்டோர் இசுலாமியர், புத்தர் நின்ற மலையடியில் தலைமுறைகளாக வாழ்ந்த இனத்தார். அவர்களுக்காக அழுத கண்கள் எத்தனை? நோயுற்றுக் கிடந்த வக்கலி தம் உருவத்தைக் காண ஏங்கியபோது, தம்மத்தைக் காண்பவனே என்னைக் காண்பவன் என்னும் பொருளில் பகவர் கூறினார். கல்லுக்கு அழுது உயிருக்கு அழாதவர் தம்மத்தைக் கண்டவர் ஆகார். அரசுகளின் இரட்டை அளவுகோல் நம் கண்ணீரிலும் இருக்கின்றது என்பதை உணர்வோமாக.

வெட்கமற்ற பொய்யும் வெட்கமுற்ற அரசனும்

மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது சூத்திரத்தில் பகவர் தம் மைந்தர் இராகுலருக்குப் பொய்யின் தன்மையை உரைக்கின்றார். பாத்திரத்தில் மிஞ்சிய சிறிது நீரைக் காட்டி, கொட்டிக் காட்டி, கவிழ்த்துக் காட்டி விளக்குகின்றார். போரில் கால்களையும் தலையையும் தந்தத்தையும் பயன்படுத்தித் துதிக்கையை மட்டும் காத்துக்கொள்ளும் அரசயானை இன்னும் உயிரை முற்றும் விடத் துணியவில்லை. துதிக்கையையும் நீட்டிவிட்ட யானை செய்யாதது எதுவுமில்லை. அறிந்தே பொய் கூற வெட்கப்படாத மனிதனும் அவ்வாறே, அவன் செய்யத் தயங்கும் தீமை எதுவுமில்லை என்கின்றார். மனிதனுக்குச் சொன்னது அரசுக்கும் பொருந்தும். பொய்யை அரசதந்திரம் என்று பெயர் மாற்றி வெட்கத்தைத் துறந்த அரசு, துதிக்கையை நீட்டிவிட்ட யானையாகும்.

வெட்கப்பட்ட அரசன் ஒருவன் உண்டு. கலிங்கப் போரில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டனர் என்று தன் குற்றத்தைத் தானே கணக்கிட்டுப் பாறையில் வெட்டினான் அசோகன். அவ்வறிக்கையின் கிரேக்கப் பகுதி 1960களில் காந்தகாரில் கிடைத்தது. பிற்காலத்தில் தாலிபான் தோன்றிய அதே காந்தகார்! வென்றவன் தன் கொலைக் கணக்கைத் தானே எழுதித் தொலைதேசத்திலும் நாட்டிய செய்தி உலக வரலாற்றில் அரிது.

ஆனால் உண்மையை முழுதும் கூறுவோம். கலிங்க நாட்டுத் தௌலியிலும் ஜௌகடத்திலும் உள்ள பாறைகளில் அவ்வறிக்கை இல்லை. துன்புற்ற மக்களின் கண்முன் அதனை வெட்ட அவனுக்கும் துணிவில்லையோ என்று எண்ணத் தோன்றுகின்றது. எனினும் அவ்விடத்தில் அவன் வெறும் புகழுரை எழுதவில்லை. எல்லா மக்களும் என் மக்கள் என்று கூறி, காரணமின்றி ஒருவனையும் சிறையிடாதீர், வருத்தாதீர். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் இவை உங்களை அணுகாதிருக்கட்டும் என்று தன் அதிகாரிகளுக்கே கட்டளையிட்டான். குடிகளை அடக்கு என்று சொல்லாது அதிகாரியை அடக்கிய கட்டளை அது. இந்திய நாடு அவன் சக்கரத்தைக் கொடியிலும் அவன் சிங்கத்தை முத்திரையிலும் வைத்துள்ளது. அக்கட்டளையை ஒவ்வொரு காவல் நிலையத்துச் சுவரிலும் வைத்தால் அச்சக்கரம் சுழலும்.

உழவனுக்கு விதை, வணிகனுக்கு முதல்

அரசு வேறென்ன செய்ய வேண்டும்? தீக நிகாயத்தின் 5ஆவது சூத்திரமாகிய கூடதந்த சூத்திரம் விடை தருகின்றது. மகாவிஜிதன் என்னும் மன்னன் பெருவேள்வி செய்ய விரும்பினான். நாட்டிலோ கொள்ளை மலிந்திருந்தது. புரோகிதன் கூறினான்: கொன்றும் கட்டியும் நாடு கடத்தியும் இக்கொள்ளையை ஒழிக்க முடியாது, எஞ்சியோர் மீண்டும் நாட்டை வருத்துவர். உழவனுக்கும் கால்நடை வளர்ப்போனுக்கும் விதையும் தீவனமும் கொடு. வணிகனுக்கு முதல் கொடு. அரசுப் பணி செய்வோனுக்கு உணவும் கூலியும் கொடு. அவரவர் தொழிலில் ஈடுபட்டால் ஒருவரும் நாட்டை வருத்தார். மன்னன் அவ்வாறே செய்தான். மக்கள் குழந்தைகளை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு, கதவைத் தாழிடாமல் வாழ்ந்தனர்.

முன்கூறிய அரசன் திருடியவனுக்குக் கொடுத்துக் கெட்டான். இவன் திருடுமுன்னே கொடுத்து வாழ்ந்தான். இரண்டு சூத்திரங்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு அரசநீதி முழுதும் விளங்கும். அச்சத்தால் கொடுப்பது இலஞ்சம். அறத்தால் கொடுப்பதே ஆட்சி.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே, அரசுகள் திருந்தும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கைக்கு எட்டியவை மூன்று உண்டு.

முதலாவது, சொல்லைக் காத்தல். எங்கேனும் குண்டு வெடித்தால், கொன்றவன் எம்மதத்தான், எவ்வினத்தான் என்று கேட்டுவிட்டுப் பிறகு துயரப்படுவதோ மகிழ்வதோ நான்காம் சீலத்தைக் கெடுக்கும். நம்மவன் செய்தால் வீரம், பிறன் செய்தால் பயங்கரம் என்னும் நாக்கு நமக்கு வேண்டா.

இரண்டாவது, அயலாரைக் காத்தல். பிழைப்புத் தேடித் தமிழகம் விட்டு வந்த நம்மவர் வாழும் இந்நகரங்களின் லைன் வீடுகளில் அடுத்த கதவு பெரும்பாலும் இசுலாமியர் கதவு. எங்கோ ஒருவன் செய்த கொலைக்காக அக்கதவின்மேல் சந்தேகம் வீசப்படும் நாளில், நாம் அக்கதவருகே நிற்க வேண்டும். 1960களில் பம்பாயில் தென்னாட்டார் எல்லாரும் அந்நியர் என்று விரட்டப்பட்ட வரலாறு நம் முன்னோருக்கு உண்டு. சேரியில் ஒருவன் குற்றம் செய்தால் சேரி முழுவதையும் கள்ளர் என்ற வழக்கத்தையும் நாம் அறிவோம். ஒருவன் வினையை ஓரினத்தின் தலையில் ஏற்றுவது எத்தகைய அநியாயம் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, குழந்தைகளின் ஏட்டைக் காத்தல். ஞாயிற்றுக்கிழமை தம்மப் பள்ளியில் நாம் எதனை எண்ணக் கற்பிக்கின்றோம்? நமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் கற்பிக்கத்தான் வேண்டும், மறைப்பது பொய். ஆனால் அநீதியை எண்ணக் கற்பிக்கும்போது பகைவனின் தலைகளை எண்ணக் கற்பித்துவிடக் கூடாது. ஒவ்வொரு தாயும் தந்தையும் தட்சசீலத்து ஆசிரியனாகவும் கூடும், அங்குலிமாலனை நிறுத்திய பகவரின் மாணவராகவும் கூடும். எவர் ஆவோம் என்பது இரவு உணவின்போது நாம் பிள்ளை காதுபடப் பேசும் பேச்சில் இருக்கின்றது.

சக்கவத்தி சூத்திரத்தின் முடிவைக் கூறி நிறைவு செய்கின்றோம். இறங்கி இறங்கிச் சென்ற மனித குலத்தில் ஏழு நாள் வாள் ஊழி ஒன்று வரும். மனிதன் மனிதனை விலங்காகக் கண்டு கொல்வான். அவ்வேளையில் சிலர், நாம் யாரையும் கொல்ல வேண்டா, நம்மையும் யாரும் கொல்ல வேண்டா என்று எண்ணிக் காட்டிலும் மலைக்குகையிலும் ஒதுங்குவர். ஏழாம் நாள் கழிந்து வெளிவந்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, உயிரோடு இருக்கின்றாயா, உயிரோடு இருக்கின்றாயா என்று மகிழ்வர். அத்தழுவலிலிருந்து கொல்லாமை மீண்டும் பிறக்கும், ஆயுள் வளரும். புதிய உலகம் எந்தப் பேரரசாலும் தொடங்கப்படவில்லை. வாளை எடுக்க மறுத்த சிலரால் தொடங்கப்பட்டது. ஏழு நாள் ஊழி வரட்டும் என்று நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? அத்தழுவலை இன்றே, அடுத்த கதவிலிருந்து தொடங்குவோமாக.

வாளுக்கு அஞ்சும் உயிர்கள் அச்சம் நீங்குக! வாளேந்திய கைகள் வாளை விடுக! ஆளும் நாவுகள் மெய்யைப் பேசுக! தம்மம் ஓங்குக!